அவுட் ரன்னில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

1986-இல் செகா வெளியிட்ட, ஆர்கேட் கடைகளில் நாணயம் போட்டு ஓட்டும் கார் ஆட்டமான அவுட் ரன்னை இன்றைக்கு ஓட்டிப் பார்க்கிறவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: மென்பொருளின் அமைப்பு, கையிலும் காலிலும் இருக்கும் கருவி, ஓட்டுகிற விதம். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் ஆட்கள் குழம்பிப்போய் தப்பான இடத்தில் கை வைக்கிறார்கள். "வளைவில் கார் வெளியே போகிறது" என்று ஒருவர் சொன்னால், ஸ்டீயரிங்கின் அளவீடு கெட்டிருக்கலாம், இல்லையென்றால் மணிக்கு 293 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமலேயே வளைவுக்குள் போயிருக்கலாம். முதலாவதற்கு மெனுவில் மருந்து இருக்கிறது. இரண்டாவதற்கு எந்த மெனுவிலும் கிடையாது.

இதைப் பிரித்துப் பார்க்க, அசல் எந்திரம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தை வடிவமைத்த யூ சுசுகியின் குழு இதை ஒரு உண்மையான ஸ்டீயரிங், இரண்டு பெடல்கள், லோ - ஹை என்று இரண்டே நிலைகள் உள்ள கியர் லீவர் ஆகியவற்றுக்காக உருவாக்கியது. திரை 320-க்கு 224 புள்ளிகள். மொத்தம் 15 கட்டங்கள், ஆனால் ஒரு ஓட்டத்தில் 5 கட்டங்கள்தான், கடைசிக் கட்டம் தவிர ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும், ஐந்து வெவ்வேறு முடிவுகள். போட்டியாளர் என்று யாருமே இல்லை. எதிரி கடிகாரம் மட்டும்தான். சுசுகியே இதைப் பந்தய ஆட்டம் என்று சொல்வதில்லை, ஓட்டும் ஆட்டம் என்றுதான் சொல்வார். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்: அசல் எந்திரத்தில் இது எப்படி நடந்திருக்கும்?

அப்புறம், நீங்கள் ஓட்டுவது எந்த வடிவம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கணினியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மேம் எமுலேட்டர், அசல் சர்க்யூட் பலகையைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். மற்றொன்று கேனன்பால், கிறிஸ் ஒயிட் என்பவர் அசல் நிரலைப் பிரித்துப் படித்து சி பிளஸ் பிளஸ்ஸில் மறுபடி எழுதிய திறந்த மூல வடிவம். நின்டென்டோ ஸ்விட்ச்சில் எம்2 நிறுவனம் செய்த செகா ஏஜஸ் பதிப்பு இருக்கிறது, ஜப்பானில் 2018 நவம்பரிலும் மற்ற நாடுகளில் 2019 ஜனவரியிலும் வந்தது. எந்த செட்டிங்கையும் தொடாமல் நிம்மதியாக ஓட்ட வேண்டும் என்றால் ஸ்விட்ச்தான் என் பரிந்துரை. மற்றவர்கள் மேலே படியுங்கள்.

ஆட்டம் திறக்கவே இல்லை, அல்லது திறந்தவுடன் மூடிக்கொள்கிறது

பத்தில் ஒன்பது முறை இது ரோம் கோப்புகளின், அதாவது அசல் பலகையின் சிப்களிலிருந்து நகலெடுத்த ஆட்டக் கோப்புகளின் பிரச்சினை. இந்தக் கோப்புகளின் உரிமை செகாவிடம் இருக்கிறது, அதனால் மேமுடனோ கேனன்பாலுடனோ அவை சேர்ந்து வராது. கேனன்பால் எதிர்பார்ப்பது ரெவிஷன் பி என்ற தொகுப்பை. முதன்மைச் செயலிக்கான கோப்புகளின் பெயரில் 10380 முதல் 10383 வரையிலான எண்கள் இருக்கும், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 'பி' என்ற ஆங்கில எழுத்தும் இருக்க வேண்டும். 'பி' இல்லை, 'ஏ' இருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது வேறு பதிப்பு.

அடுத்து, ஜிப் விஷயம். மேமுக்கு ஜிப் கோப்பை அப்படியே ரோம்ஸ் ஃபோல்டரில் வைக்க வேண்டும். கேனன்பாலுக்கு ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் தனித்தனிக் கோப்புகளை ரோம்ஸ் ஃபோல்டருக்குள் நேராகப் போட வேண்டும், உள்ளே இன்னொரு ஃபோல்டராகப் போய் உட்கார்ந்தால் அது கண்டுபிடிக்காது. மேமுக்குச் செய்து பழகியவர்கள் கேனன்பாலுக்கு வரும்போது இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் பாருங்கள், விண்டோஸ் கண்டுகொள்ளாத வித்தியாசத்தை லினக்ஸ் கண்டுகொள்ளும்.

மேமில் முன்பு ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஓடவில்லை என்றால், மேமைப் புதுப்பித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு தொகுப்பின் பெயரும் உள்ளடக்கமும் மாறும், பழைய ஜிப் புதிய மேமுக்குப் பொருந்தாமல் போகும். டீலக்ஸ் பதிப்பு, மேம்படுத்திய பதிப்பு போன்ற கிளைத் தொகுப்புகளுக்கு மூலத் தொகுப்பும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

படம் வருகிறது, ஆனால் சத்தமே இல்லை

எதையும் தொடுவதற்கு முன் நாணயம் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள். மேமில் நாணயத்துக்கு 5, தொடங்குவதற்கு 1. ஓட்டத்துக்கு முன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ரேடியோ திரையில் பாட்டு வந்துவிட்டால் ஒலியில் ஒரு குறையும் இல்லை. விளம்பரமாக ஓடும் காட்சிக்குச் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அசல் எந்திரத்திலேயே ஒரு டிப் சுவிட்ச் (பலகையில் அமைப்புகளை மாற்றும் குட்டி சுவிட்ச்) உண்டு, கடைக்காரர் நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாமே. மேமில் டேப் விசையை அழுத்தி டிப் சுவிட்ச் பகுதிக்குப் போனால் டெமோ சவுண்ட்ஸ் என்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குங்கள்.

பாட்டு வெட்டி வெட்டி வருகிறது என்றால் அது வேறு கதை. கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறது, ஆடியோ லேட்டன்சியை ஒரு படி கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் கியர் போட்ட பிறகு எஞ்சின் சத்தம் தாமதமாக வந்து சேரும், இந்த ஆட்டத்தில் காதால் கேட்டுத்தான் கியர் மாற்றுவோம் என்பதால் அது ஓட்டத்தையே கெடுக்கும். வெட்டு நிற்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இந்த ஒலியைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனாலும் தகும் என்பேன். ஹிரோஷி கவகுச்சி எழுதிய மூன்று பாட்டுகள், மேஜிக்கல் சவுண்ட் ஷவர், பாஸிங் பிரீஸ், ஸ்பிளாஷ் வேவ், மூன்றில் எது வேண்டும் என்று ஓட்டுவதற்கு முன்பு நீங்களே கார் ரேடியோவைத் திருகித் தேர்ந்தெடுக்கிறீர்கள். பாட்டு வெட்டுப்படாமல் வந்தால்தான் இந்த ஆட்டம் முழுதாகும். கேனன்பாலில் உங்களுக்குப் பிடித்த வேறு பாட்டையும் வேவ் கோப்பாகச் சேர்க்கலாம், ஆனால் முதலில் இந்த மூன்றையும் நன்றாகக் கேட்டுவிடுங்கள்.

ரேடியோவில் கை ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது

இது உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல அறிகுறி. ரேடியோ திரையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கை இடம், நடு, வலம் என்று மூன்று நிலைக்கு நகர வேண்டும். ஸ்டீயரிங்கை விட்டால் நடுவுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் கருவியின் அளவீடு கெட்டிருக்கிறது, இதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் முழு ஓட்டத்திலும் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் புதுக் கருவி ஏதாவது மாட்டினால், ஓட்டுவதற்கு முன் இந்தத் திரையிலேயே சோதித்துப் பாருங்கள். நேரக் கெடு முடிந்து தானாகவே ஆட்டம் தொடங்கிவிடும், பரவாயில்லை, இன்னொரு நாணயம் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் விண்டோஸிலேயே கருவியை அளவீடு செய்யுங்கள். பிறகு மேமில் டேப், அனலாக் கன்ட்ரோல்ஸ். கை எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் ரிவர்ஸை மாற்றுங்கள். ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பியதுமே கை கடைசிக்குப் போய்விட்டால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். முழுதும் திருப்பியும் போகவில்லை என்றால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கின் சொந்த மென்பொருளில் சுழற்சிக் கோணத்தைக் குறையுங்கள். 900 டிகிரி சுழலும் இன்றைய ஸ்டீயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஓட்டினால் கைதான் வலிக்கும், கார் திரும்பாது. 270 டிகிரி போதும்.

மேமின் சர்வீஸ் மோடுக்குள் எஃப்2 விசையால் போகலாம், அங்கே கருவிகளைச் சோதிக்கும் திரை இருக்கிறது. ஸ்டீயரிங், இரண்டு பெடல்கள், கியர் எல்லாவற்றுக்கும் எண்களும் நிலைகளும் தெரியும். கையைத் தொடாமலே எண் துடித்துக்கொண்டிருந்தால் கருவிக்குள் திருப்பத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகம் தேய்ந்திருக்கிறது. அசல் எந்திரத்தின் பெட்டியான கேபினட்டிலும் ஸ்டீயரிங்குக்கும் பெடல்களுக்கும் அதே பாகம்தான், தேய்ந்தால் அதே துடிப்புதான். சிறிய டெட் ஜோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) கொடுத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம், நிரந்தரத் தீர்வு பாகத்தை மாற்றுவதுதான்.

கீபோர்டில் கார் தடாலென்று ஓரத்துக்குப் போகிறது

கீபோர்டில் விசை அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் பூஜ்யம். அவுட் ரன் இப்படி ஓட்டுவதற்காகச் செய்ததில்லை, ஆனால் ஓரளவு சரிசெய்யலாம். மேமின் அதே அனலாக் பகுதியில் ஸ்டீயரிங்குக்கான டிஜிட்டல் வேகத்தைக் குறையுங்கள், விசையை விட்டதும் நடுவுக்குத் திரும்பும் வேகத்தை அதைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். கேனன்பாலின் அமைப்புக் கோப்பிலும் ஸ்டீயரிங் திரும்பும் வேகம், பெடல் அழுந்தும் வேகம் என்று தனித்தனி மதிப்புகள் இருக்கின்றன. சரிசெய்த பிறகு விசையை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி ஓட்டப் பழகுங்கள். சாதாரண கேம்பேட்டின் அனலாக் குச்சியே கீபோர்டைவிடப் பல மடங்கு மேல், முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

பிரேக் போட்டால் ஆக்ஸிலரேட்டர் விட்டுப்போகிறது

பல ஸ்டீயரிங்குகள் இரண்டு பெடல்களையும் ஒரே அச்சில் சேர்த்து அனுப்பும். நடு என்றால் எதுவும் அழுந்தவில்லை, மேலே போனால் ஆக்ஸிலரேட்டர், கீழே வந்தால் பிரேக். இப்படி இருந்தால் இரண்டையும் ஒன்றாக அழுத்தவே முடியாது, ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். ஸ்டீயரிங்கின் டிரைவர் மென்பொருளில் பெடல்களைத் தனித்தனி அச்சாக மாற்றும் தேர்வு இருக்கும், அதை மாற்றிவிட்டு மேமிலோ கேனன்பாலிலோ பெடல்களை மறுபடி ஒதுக்குங்கள்.

கியர் மாறவே மாட்டேன் என்கிறது, அல்லது தலைகீழாக மாறுகிறது

அசல் லீவர் ஒரு நிலையில் வைத்தால் அங்கேயே நிற்கும். பட்டன் அப்படி இல்லை. அதனால் ஒருமுறை அழுத்தினால் ஹை, மறுமுறை அழுத்தினால் லோ என்று மாற்றி மாற்றி வேலை செய்யும்படி வைத்திருக்கிறார்கள். பட்டனுக்கு இது சரி, உண்மையான லீவரை மாட்டினால் பொருந்தாது, லீவர் ஓரிடத்தில் இருக்கும், ஆட்டம் வேறு கியரில் இருக்கும். கேனன்பாலில் இதற்கு நான்கு தேர்வுகள் உண்டு: ஒரே பட்டனால் மாற்றுவது, கேபினட் லீவர் போலப் பிடித்திருப்பது, லோவுக்கு ஒன்று ஹைக்கு ஒன்று என இரண்டு பட்டன்கள், அப்புறம் தானியங்கி. இரண்டு பட்டன் முறைதான் கேம்பேட்டுக்கு ஏற்றது, எந்த கியரில் இருக்கிறோம் என்ற சந்தேகமே வராது. தானியங்கி வேண்டாம், கியர் இல்லாத அவுட் ரன்னில் பாதி விளையாட்டு காணாமல் போகிறது, ஏன் என்று கீழே வரும்.

படம் அகலமாக இழுத்துவிட்டது போல இருக்கிறது, ஓட்டம் தடங்கித் தடங்கிப் போகிறது

அசல் திரை நான்குக்கு மூன்று. மேம் அதைத் தானாகவே காப்பாற்றும், ஆனால் டிவி தன் பங்குக்கு இழுத்துவிடும். ரிமோட்டில் படத்தின் அளவைப் பாருங்கள். கேனன்பாலில் அகலத் திரைத் தேர்வு உண்டு, அது படத்தை இழுக்காமல் சாலையின் இரு பக்கமும் கூடுதலாக வரைந்து காட்டும்.

தடங்கலுக்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் அசலிலேயே இருக்கிறது: திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்தாலும் ஆட்டத்தின் முக்கியக் கணக்குகள் நொடிக்கு 30 முறைதான் நடக்கும். மேமில் அப்படித்தான் தெரியும், தெரிய வேண்டும், அது பிழை இல்லை. கேனன்பால் இதை 60-ஆக மாற்றிக் காட்டும், செகாவின் வீட்டு ஆட்டக் கருவியான சாட்டர்னுக்கு 1996-இல் வந்த பதிப்பிலும் இதற்கு ஒரு தேர்வு இருந்தது. 60-இல் ஒருமுறை ஓட்டிய பிறகு மரங்களும் பலகைகளும் பெரிதாகி வரும் அழகை விட்டுவிட்டுத் திரும்பிப் போக மனம் வராது, ஆனால் அசல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் 30-இலும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் மானிட்டர். அது 75 ஹெர்ட்ஸில் ஓடினால் 60-ஐ அதில் சமமாகப் பரப்ப முடியாது, சீரான இடைவெளியில் ஒரு குலுக்கல் தெரியும். மானிட்டரை 60-க்கு மாற்றுங்கள். டிவி என்றால் கேம் மோடை ஆன் செய்யுங்கள், படத்தை மெருகேற்றும் வசதிகள் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங்குக்கும் திரைக்கும் நடுவே தாமதத்தைச் சேர்க்கும். "நான் சரியாகத்தான் திருப்புகிறேன், கார்தான் தாமதமாகத் திரும்புகிறது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சரி, கருவி எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இனி வருகிற அறிகுறிகளுக்கு எந்த செட்டிங்கும் உதவாது, ஓட்டுகிற முறையைத்தான் மாற்ற வேண்டும்.

தொடங்கியவுடன் புகை விட்டுக்கொண்டு கார் அங்கேயே நிற்கிறது

விளக்கு பச்சையாகும்வரை ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எஞ்சின் வேகம் காட்டும் பட்டை சிவப்புக்குப் போயிருக்கும், சக்கரம் சுழலும், கார் நகராது. விட்டு விட்டு மிதித்துப் பட்டையைச் சிவப்புக்குக் கீழே வைத்திருங்கள். லோவில்தான் கிளம்ப வேண்டும், ஹையில் கிளம்பினால் வேகம் பிடிக்கவே நேரம் போய்விடும். அப்புறம் பட்டை உச்சத்தை நெருங்கும்போது ஹைக்கு மாற்றுங்கள், லோவிலேயே வைத்துக் கத்தவிடுவதில் ஒரு பயனும் இல்லை.

வளைவில் கார் வெளியே தள்ளப்படுகிறது

கருவி சரியாக இருந்தும் இது நடக்கிறது என்றால் ஆட்டம் சரியாகத்தான் நடக்கிறது. வேகம் கூடக் கூட, வளைவு இறுக இறுக, கார் வெளிப்பக்கம் தள்ளப்படும், அந்தத் தள்ளலை ஸ்டீயரிங் மட்டும் வைத்து முழுதாக ஈடுகட்ட முடியாத வளைவுகள் இருக்கின்றன. பலரும் செய்வது என்னவென்றால் வளைவுக்குள் போன பிறகு பயந்து பிரேக்கை முழுதாக மிதிப்பது. அதற்குள் கார் வெளி ஓரத்துக்குப் போயிருக்கும், வேகமும் போயிருக்கும், நேரமும் போயிருக்கும்.

வளைவு வருவதற்கு முன்பே உள்பக்கத்துக்குப் போய்விடுங்கள், இடம் திரும்பும் வளைவுக்கு இடப்பக்கம். தள்ளுவதற்கு இடம் கிடைக்கும். மிதமான வளைவுக்கு ஆக்ஸிலரேட்டரைச் சிறிது விட்டால் போதும். இறுக்கமான வளைவுக்கு லோவுக்கு ஒரு கணம் போய்த் திரும்பி ஹைக்கு வாருங்கள், பிரேக்கைவிட இது வேகத்தை நன்றாகக் காப்பாற்றும். டயர் கீச்சிட ஆரம்பித்தால் அதிகமாகத் திருப்பிவிட்டீர்கள் என்று பொருள். எஸ் வடிவத்தில் இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதை முழுதாகத் திருப்பி முடிக்க வேண்டாம், அதன் தள்ளலே உங்களை அடுத்த வளைவின் உள்பக்கத்தில் கொண்டுபோய் விடும். இது கைக்கு வந்துவிட்டால் அவுட் ரன் வேறு ஆட்டமாகிவிடுகிறது, சாலையோடு சேர்ந்து போகிற அந்த உணர்வுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைத் தேடிப் போகிறோம்.

மேடு ஏறும்போது அடுத்த வளைவு தெரியாது. மேட்டு உச்சியில் நடுப்பாதையில் இருங்கள், ஓரத்து மரங்கள் எந்தப் பக்கம் வளைந்து போகின்றன என்று பாருங்கள், சாலைக்கு முன்னால் அவைதான் சொல்லும்.

கார் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே இருக்கிறது

சாலையில் போகும் மற்ற வாகனங்களில் மோதினால் பெரும்பாலும் வேகம் குறையும், கார் வழுக்கும். சாலையோரத்து மரத்திலோ பலகையிலோ பாறையிலோ அதிவேகத்தில் மோதினால்தான் கார் உருளும், காரில் இருக்கும் இரண்டு பேரும் வெளியே விழுவார்கள், மறுபடி வண்டியில் உட்கார்ந்து கிளம்புவதற்குள் கடிகாரம் பல நொடிகளைத் தின்றுவிடும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தவிர்க்க முடியும் என்ற நிலை வந்தால் முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தைத் தேர்ந்தெடுங்கள், மரத்தை வேண்டாம். லாரிகள்தான் அதிகத் தொல்லை, பாதையை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகும். அவற்றைத் தூரத்திலேயே பார்த்துப் பாதை மாறிவிடுங்கள்.

பிரியும் இடத்தில் நடுவே போய் இடிக்கிறவர்களுக்கு ஒரே மருந்து: எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அந்த ஓரப் பாதையில் போங்கள்.

இரண்டாம் கட்டத்திலேயே நேரம் முடிந்துவிடுகிறது

முதலில் டிப் சுவிட்சைப் பாருங்கள். நேரத்தின் கடுமைக்கு ஒன்று, போக்குவரத்தின் கடுமைக்கு இன்னொன்று என இரண்டு தனி சுவிட்சுகள் உண்டு. யாராவது மாற்றி வைத்திருந்தால் இரண்டையும் நார்மலுக்குக் கொண்டுவாருங்கள், கற்றுக்கொள்ளும் காலத்தில் நேரத்தை மட்டும் எளிதாக வைக்கலாம். போக்குவரத்தைக் குறைக்க வேண்டாம், வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகப் பழகாமல் மூன்றாம் கட்டத்துக்கு மேல் போக முடியாது.

சுவிட்ச் சரியாக இருந்தும் நேரம் போதவில்லை என்றால் கணக்கு எளிது: முதல் கட்டமான கோகோநட் பீச்சில் ஒருமுறைகூட உருளக் கூடாது. அங்கே மிச்சம் பிடிக்கும் நொடிகள்தான் கடைசிவரை கூட வரும், ஏனென்றால் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கிடைக்கும் நேரம் மீதி நேரத்தோடு சேரும். தோற்ற பிறகு காட்டும் பாதை வரைபடத்தைக் கவனித்துப் பாருங்கள், எத்தனை தூரம் வந்தீர்கள் என்று அதில் தெரியும், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தால் உங்களுக்குப் போதாமல் போனது ஒரு விபத்தின் நேரம்தான்.

பிரியும் இடங்களில் இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் கடினம். முதல் முறை முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாப் பிரிவிலும் இடப்பக்கமே போங்கள்.

புல்லில் இறங்கினால் வேகம் செத்துப்போகிறது, ஆனால் மற்றவர்கள் காணொளியில் புல்லிலேயே பறக்கிறார்கள்

அவர்கள் ஏமாற்றவில்லை. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கியா கச்சா என்று அழைக்கும் உத்தி இது. அதிவேகத்தில் ஹையிலிருந்து லோவுக்கும் உடனே ஹைக்கும் மாற்றினால் டயரிலிருந்து புகை கிளம்பும், அந்தப் புகை இருக்கும் வரை புல்லில் இறங்கினாலும் கார் வேகத்தை இழக்காது. புகை அடங்குவதற்குள் மறுபடி மாற்றிக்கொண்டே போனால் வளைவின் உள்பக்கப் புல்லை வெட்டிக்கொண்டு போகலாம். உயர்ந்த மதிப்பெண்களுக்கு இது இல்லாமல் முடியாது. கேனன்பால் அசல் நிரலிலிருந்தே எழுதியது என்பதால் அங்கேயும் வேலை செய்யும். தானியங்கி கியர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

உங்களுக்கு வரவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். லோவில் அதிக நேரம் இருக்கிறீர்களா, கண நேரம் போதும். ஒரே பட்டனில் கியர் மாற்றுகிறீர்களா, அப்படியென்றால் வேகமாகத் தட்டும்போது ஒரு தட்டல் தவறி லோவிலேயே மாட்டிக்கொள்வீர்கள், இரண்டு பட்டன் முறைக்கு மாறுங்கள். முதலில் கோகோநட் பீச்சின் நேரான பகுதியில், மரம் இல்லாத ஓரமாகப் பார்த்துப் பழகுங்கள்.

நண்பர் சொல்லும் வளைவு என் ஆட்டத்தில் இல்லை

ஜப்பானில் வந்த பதிப்பின் பாதைகளும் வெளிநாட்டுப் பதிப்பின் பாதைகளும் வேறு வேறு. கேனன்பாலில் ஜப்பானியப் பாதைக்குத் தனித் தேர்வு உண்டு, அதற்கு ஜப்பானியத் தொகுப்பின் ரோம்களும் வேண்டும். வழிகாட்டிக் காணொளி பார்க்கும்போது எந்தப் பதிப்பு என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரேடியோவில் நான்காவதாக ஸ்டெப் ஆன் பீட் என்ற பாட்டு இருந்தால் நீங்கள் ஓட்டுவது செகாவின் வீட்டுக் கருவியான மெகா டிரைவுக்கு 1991-இல் வந்த வடிவம், அல்லது அந்தப் பாட்டைப் பின்னால் சேர்த்துக்கொண்ட ஒன்று. மெகா டிரைவ் வடிவம் நல்ல முயற்சிதான், ஆனால் அந்தக் கருவியில் உருவங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அசல் பலகையின் வன்பொருள் இல்லை, மரங்கள் படிப்படியாகத் தாவித்தான் வரும். அதை அமைப்பில் தேடிச் சரிசெய்ய முடியாது.

முடிவுக்கு வந்ததும் கார் பிரிந்து விழுந்துவிட்டது

பிழை இல்லை. ஐந்து முடிவுகளில் ஒன்று அப்படித்தான், நீங்கள் ஓட்டும் ஃபெராரி டெஸ்டரோசா கார் துண்டு துண்டாகப் போகும். இன்னொன்றில் விளக்கிலிருந்து பூதம் வரும். வேறு முடிவு வேண்டுமென்றால் வேறு பாதையில் போக வேண்டும்.

தோற்றால் தொடர வழி காட்டவில்லை, மதிப்பெண்ணும் காணாமல் போகிறது

அவுட் ரன்னில் தொடரும் வசதியே கிடையாது, நாணயம் எத்தனை இருந்தாலும் முதல் கட்டத்திலிருந்துதான். நான்காம், ஐந்தாம் கட்டங்களைத் தனியாகப் பழக வேண்டுமென்றால் மேமில் ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் ஒரு சேமிப்பு. கேனன்பாலில் இதற்கு இன்னும் வசதி: ஒரே பாதையை மறுபடி மறுபடி ஓட்டும் டைம் டிரையல், 15 கட்டங்களையும் வரிசையாக ஓட்டும் கன்டினியுவஸ் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன.

மேமை மூடினால் மதிப்பெண் பட்டியல் அழிந்துபோகும். பிளக்இன்கள் பகுதியில் ஹைஸ்கோர் என்று இருப்பதை ஆன் செய்துவிட்டு மேமை ஒருமுறை மூடித் திறங்கள். அதன் பிறகு பெயர் பதிந்துவிட்டு, ஆட்டத்திலிருந்து முறைப்படி வெளியேறுங்கள், நடுவில் கணினியை அணைத்தால் சேமிக்காமல் போகலாம். பெயர் பதியும் திரையில் மூன்று எழுத்தையும் போட்டுவிட்டு உடனே ஓடிவிடாதீர்கள், அங்கே ஒலிக்கும் லாஸ்ட் வேவ் கவகுச்சியின் நான்காவது பாட்டு, வேறெங்கும் அது வராது.